பூட்டிய அலமாரி

மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் நின்ற தங்கை மகளைப் பார்த்தார்.

"இது யாருக்குங்க?"

"என் பையனுக்குங்க. ஒன்பது வயசு."

"இதெல்லாம் நாங்க வைக்கிறதில்லை. போதை மருந்துக் கணக்குல வர்ற சரக்கு" என்று சொல்லிச் சீட்டை விரல் நுனியால் எங்கள் பக்கம் தள்ளினார்.

தருமபுரிக் கடைத்தெருவில் அன்று நாங்கள் ஏறி இறங்கிய நாலாவது கடை அது. படியிறங்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "ஏன் மாமா, பெத்த பிள்ளைக்குப் போதை மருந்தையா கொடுத்துட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. சங்கடம் அதில்தான் இருந்தது.

பையன் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் நாலாம் வகுப்புப் படிக்கிறான். கெட்டிக்காரன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது கவளத்துக்குள் தெருவில் நிற்பான். கணக்கில் முதல் வரியைப் போட்டுவிட்டு மூன்றாம் வரிக்குத் தாவுவான். ஒரு நாள் பஸ் வருவதைக் கவனிக்காமல் சாலையின் குறுக்கே ஓடித் தெய்வாதீனமாகப் பிழைத்தான். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள், அடித்தும் பார்த்தார்கள். கடைசியில் பெங்களூரில் தமிழ் தெரிந்த ஒரு டாக்டர், இரண்டு தடவை வரவழைத்து, பள்ளிக்கூடத்தாரிடமும் விவரம் கேட்டு வாங்கி, "ஏ.டி.எச்.டி." என்றார். கவனம் ஓரிடத்தில் நிலைக்காமையும், மிதமிஞ்சிய துடிப்பும் சேர்ந்த குறை. "வளர்ப்புக் கோளாறு இல்லைம்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் என் தங்கை மகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

மருந்தின் பெயர் மெத்தில்ஃபெனிடேட். அது ஓர் ஊக்க மருந்து என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏற்கெனவே துள்ளுகிற காளைக்குத் தார்க்குச்சியா, டாக்டர்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "காளைக்கு இல்லைங்க, தூங்கி வழியற வண்டிக்காரனுக்கு" என்றார்.

மூளையில் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற பகுதி ஒன்று உண்டாம். டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் அங்கே சேதி கொண்டு போகின்றன. சுரந்தவற்றை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மருந்து அந்த உறிஞ்சலைத் தடுத்து, சேதி போய்ச் சேர அவகாசம் தருகிறது. சாதாரண மாத்திரையின் வேலை சுமார் நாலு மணி நேரந்தான். மூக்குக் கண்ணாடி போல, போட்டிருக்கும் வரையில் உதவும். பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், ஆகவே எடை, உயரம், நாடித் துடிப்பு எல்லாவற்றையும் டாக்டர் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

இதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1937-ல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், தம் விடுதியில் இருந்த 30 குழந்தைகளுக்கு இந்த இனத்தைச் சேர்ந்த பென்ஸெட்ரின் கொடுத்தார். 14 குழந்தைகளின் படிப்பு வியக்கும்படி முன்னேறியது. 1944-ல் ஸ்விட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் ரசாயனர் லியாண்ட்ரோ பானிஸோன் மெத்தில்ஃபெனிடேட்டைத் தயாரித்தார். அவர் மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அந்தப் பெயரிலிருந்தே 'ரிட்டலின்' பிறந்தது. மனைவி பெயரில் வீடு கட்டுகிறவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்!

ஆனால் தேவையில்லாதவர்களும் இதை விழுங்க ஆரம்பித்தார்கள். இரவெல்லாம் கண்விழிக்கச் சிலர், கிறக்கத்துக்குச் சிலர். எனவே 1971-ல் உலக நாடுகளின் ஒப்பந்தம் இதைக் கட்டுப்படுத்தியது. நம் நாட்டில் 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்திலும் இதன் பெயர் இருக்கிறது. மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையிலும் இருக்கிறது. விற்பதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். 2020-ல் வந்த விதிப்படி, டாக்டர் தொலைபேசியில் பேசி இதை எழுதித் தரவும் முடியாது. நேரில்தான் போக வேண்டும்.

ஐந்தாவது கடையில் இருந்த பெரியவர் மனம்விட்டுப் பேசினார். "மாசத்துக்கு ஒருத்தர் கேப்பாங்க, ரெண்டு பேர் கேப்பாங்க. அதுக்குத் தனி லைசென்சு, தனி நோட்டு, தனிப் பூட்டு. எங்களுக்குக் கட்டுமா, சொல்லுங்க. சேலத்துல பெரிய ஆஸ்பத்திரி பக்கமாக் கேட்டுப் பாருங்க." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தொப்பூர்க் கணவாயில் பஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது, பழைய ஞாபகம் ஒன்று வந்தது. 1980-களில் அரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உபாத்தியாயராக இருந்தேன். இதே மாதிரி ஒரு பையன். "நீ திருந்த மாட்டாய்" என்று சொல்லி, அவனைப் புளியமரத்தடியில் நிற்க வைப்பேன். வகுப்பு அமைதியாக நடக்கும். எனக்கு அது போதுமாயிருந்தது. ஒரு நாள் மரத்தடியிலும் அவன் இல்லை. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவனுக்கும் இதே குறைதானா என்று இப்போது யார் சொல்ல முடியும்? அன்று யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

சேலத்தில் மூன்றாவது கடைக்காரர் சீட்டின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, நோட்டில் எழுதி, அலமாரியின் பூட்டைத் திறந்தார். ஒரு மாதத்துக்கான மாத்திரை. அதற்கு ஒரு நாள் கூலியும், பஸ் செலவும், நாலு பேர் பார்வையும் போயிற்று.

திரும்பும் வழியில் அவளுக்குப் பதில் சொன்னேன். "கண்ணு, சட்டம் பூட்டி வைத்தது மருந்தைத் தப்பாகத் தின்கிறவனுக்காக, உன் பிள்ளைக்காக இல்லை. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் இது மருந்துதான்." பூட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பூட்டுப் போட்ட சர்க்கார் சாவியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வியாபாரிக்குக் கட்டாதென்றால், ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் சர்க்காரே அப்படி ஓர் அலமாரியை வைத்து, "இங்கே கிடைக்கும்" என்று ஊரறியச் சொல்லலாமே.

போன வாரம் பையனுக்கு ஒரு கதை சொன்னேன். நடுவில் இரண்டு தடவை எழுந்தான், இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்து, "அப்புறம், தாத்தா?" என்றான். கடைசி வரை கேட்டான். மாத்திரை அட்டையை அவன் அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். சாவி அவள் முந்தானை முடிச்சில் இருக்கிறது.