பதினோரு மாதத் தரிசு

ஐஎஸ்எல் கால்பந்து லீக் பிப்ரவரி 14 அன்று தொடங்குகிறது. ஒன்றிய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரி 6 அன்று இதை அறிவித்தார். 14 அணிகள், அணிக்கு 13 ஆட்டம், மொத்தம் 91 ஆட்டம். வழக்கமாக ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ தொடங்க வேண்டிய லீக், இந்த முறை மாசி பிறந்த பிறகு தொடங்குகிறது. எங்கள் புதூர்ப் பக்கம் கரிசலில் மானாவாரி விவசாயம் செய்பவர்களிடம் போய், புரட்டாசியில் போட வேண்டிய விதையை மாசியில் போடப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

நான் சென்னையின் எஃப்சி ரசிகன். இதைச் சொன்னால் சில தோழர்கள் சிரிக்கிறார்கள். "அபிஷேக் பச்சனும் தோனியும் பங்கு வைத்திருக்கிற டீமுக்கு நீங்க எதுக்கு தோழர் தொண்டை கிழியக் கத்துறீங்க?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவும், இந்த நீண்ட இடைவெளியில் என் மனசில் ஓடியதைச் சொல்லவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாகப் பார்ப்போம். 2025 மார்ச்சில் சென்னையின் எஃப்சி தன் கடைசி லீக் ஆட்டத்தை ஆடி முடித்தது. 13 அணிகளில் 11ஆவது இடம். ஓவன் கோய்ல் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த சீசனில் பார்த்துக்கொள்வோம் என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜூலை 11 அன்று லீக்கையே நிறுத்தி வைப்பதாகச் செய்தி வந்தது. லீக்கை அப்போது நடத்திவந்தது ரிலையன்ஸைச் சேர்ந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனம். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்போடு 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிய இருந்தது. கூட்டமைப்பின் சட்டவிதிகள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேலை நகரவில்லை. டிசம்பருக்குப் பிறகு உரிமை யாருக்கு என்று தெரியாமல் செப்டம்பரில் லீக்கைத் தொடங்க யாருக்கும் மனமில்லை.

ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. ஓரிரு நாளில் சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 19 அன்று தீர்ப்பு வந்தது. அதன்பின் விடப்பட்ட டெண்டருக்கு நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட ஏலம் கேட்டிருக்கவில்லை. நடுவே கோவாவில் சூப்பர் கோப்பை நடந்தது. கிளிஃபோர்ட் மிராண்டா என்ற புதிய பயிற்சியாளரோடு போன நம் அணி, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 என்று தோற்றது. நவம்பர் 18 அன்று இந்திய அணி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. புத்தாண்டு பிறந்ததும் சுனில் சேத்ரி போன்ற மூத்த வீரர்களே காணொளியில் வந்து, எங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் முறையிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பிப்ரவரி 14.

கணக்குப் பார்த்தால் லீக் ஆட்டம் இல்லாமல் பதினோரு மாதம். இது ஓய்வுக் காலம் ஆகாது, தரிசு. கரிசல்காட்டு ஆட்களுக்குத் தரிசு என்றால் என்னவென்று தெரியும். மழை பொய்த்த வருசம் ஊருக்கே பொது. ஆனால் அது எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. குலுக்கையில் தானியம் உள்ளவர் அடுத்த மழைவரை காத்திருப்பார். சொந்த நிலமே இல்லாத காலனிக்காரர் அந்த மாதமே பட்டாசு ஆலைக்கோ திருப்பூருக்கோ வண்டி ஏறுவார். தரிசுக் காலத்தை யாரால் தாங்க முடிகிறது என்பதில் ஊரின் அடுக்கு முழுக்கத் தெரிந்துவிடும். கால்பந்திலும் இந்தப் பதினோரு மாதம் அதைத்தான் காட்டியது.

நான் ரசிகனான கதையைச் சொல்கிறேன். ஐஎஸ்எல் தொடங்கிய 2014இல் நான் சென்னையில் எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் என்பதால் எனக்குத் தெரிந்த மைதான விளையாட்டு ஹாக்கிதான். வியாசர்பாடியைச் சேர்ந்த வகுப்புத் தோழன் ஒருவன்தான் என்னை நேரு விளையாட்டரங்கத்துக்கு இழுத்துப் போனான். அதற்கு முன்பே முல்லை நகர் மைதானத்தைக் காட்டியிருந்தான். சுற்றிலும் நெருக்கியடித்த வீடுகள், நடுவே மண் தரை, வெறுங்காலோடு நூறு பிள்ளைகள். உள்ளூர்க்காரர்களே நடத்தும் பயிற்சி. தலித் மக்களும் மற்ற உழைக்கும் மக்களும் நெருங்கி வாழும் அந்த வட சென்னையைப் பத்திரிகைகள் குற்றச் செய்திக்கு மட்டும் தேடிப் போகும். அங்கே கிரிக்கெட்டைவிடக் கால்பந்துக்கு மவுசு அதிகம் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது நம் அணியின் சொந்த ஊர் அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே வென்று, கோவாவில் இறுதியிலும் 3-2 என்று வென்று கோப்பையோடு வந்தார்கள். நிவாரண வேலையில் இருந்த எங்களுக்கு அந்த இரவு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் வியாசர்பாடி தனபால் கணேஷ் ஒரு கோல் அடித்தார். நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் இரண்டாவது கோப்பை. அதே வியாசர்பாடியிலிருந்து போன நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த ஒற்றைக் கோலுக்குக் கொல்கத்தாவே எழுந்து நின்றது. தோழர்களின் கேள்விக்கு என் பதில் இதுதான்: பங்கு யாரிடம் இருந்தாலும், அந்தச் சட்டைக்குள் ஓடுகிற உயிர் நம் தெருவிலிருந்து போனது.

அந்த உயிருக்குத்தான் இந்தப் பதினோரு மாதம் கொடுமையாக இருந்தது. முதலாளிகளுக்கு வேறு தொழில் இருக்கிறது. பெரிய நட்சத்திரங்களுக்குச் சேமிப்பு இருக்கிறது. கீழே இருக்கிற பையனுக்கு என்ன இருக்கிறது? நான் மாலை வகுப்பு நடத்தும் ஊர்களில் ஒன்றைச் சேர்ந்த தம்பி ஒருவன் இருக்கிறான். வயது இருபது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் பட்டு, மாவட்ட அணிக்குப் போய், அங்கிருந்து சென்னையில் ஒரு கிளப்பின் இளையோர் அணிக்குப் போனான். பெரம்பூரில் நான்கு பேரோடு ஓர் அறை. வருகிற சொற்பப் பணத்தில் வீட்டுக்கும் அனுப்புவான். ஆடி மாதம் அந்தப் பணம் நின்றது. ஆவணியில் ஊர் திரும்பினான். கொஞ்ச நாள் மக்காச்சோள மூட்டை ஏற்றினான். இப்போது கோவில்பட்டிக்கு அருகே தீப்பெட்டி ஆலையில் வேலை. போன மாதம் தேர்வு முகாமுக்கு வரச்சொல்லி சென்னையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. என்னிடம் வந்து கேட்டான்: "அண்ணே, பத்து நாள் லீவு போட்டா இங்க வேலை போயிரும். அங்க எடுக்கலேன்னா ரெண்டும் போச்சு. போகவாண்ணே, வேண்டாமா?"

சமூகவியல் வகுப்பில் பாதுகாப்பற்ற வேலை பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அந்தப் பையன் இரண்டு வரியில் கேட்டுவிட்டான்.

முன்பு எப்படி இருந்தது என்று இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைக் கால்பந்து ஒரு காலத்தில் அலுவலக அணிகளால் நடந்தது. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி. இந்தியன் வங்கி தேசிய லீக்கிலேயே ஆடியது. பின்னாளில் சென்னையின் எஃப்சியின் பயிற்சிக் குழுவுக்கு வந்த சையத் சபீர் பாஷா அந்த வங்கி அணியில் ஆடியவர்தான். அந்த ஏற்பாட்டில் பகட்டு கிடையாது, தொலைக்காட்சி வெளிச்சம் கிடையாது. ஆனால் வீரர் ஒருவர் அரசு ஊழியர். சீசன் முடிந்தால் அலுவலகம் போவார். கால் உடைந்தாலும் முதல் தேதி சம்பளம் வரும். ஓய்வு பெறும்போது கையில் ஏதாவது இருக்கும். நம் மக்களில் ஒரு தலைமுறைக்கு விளையாட்டு வழியாகக் கிடைத்த நிரந்தர வேலை அது.

அந்த அணிகள் மெல்ல மங்கி, இடத்துக்குக் கிளப்கள் வந்தன. திறமைக்குக் கூடுதல் பணம், நல்ல பயிற்சி, நல்ல புல்தரை எல்லாம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வேலைப் பாதுகாப்பு போய்விட்டது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நேர்ந்தது ஒப்பந்த ஆட்டக்காரருக்கும் நேர்ந்தது. இந்திய மகளிர் அணியின் நடுக்கள ஆட்டக்காரரான கடலூர் இந்துமதி கதிரேசனைப் பாருங்கள். 2019இல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும்கூட. 2020 ஊரடங்கில் விளையாட்டு உலகமே நின்றுபோனபோது அவர் சென்னையில் சீருடையோடு பணியில் இருந்தார். ஆட்டம் நின்றாலும் சம்பளம் நிற்கவில்லை. அந்தத் தம்பிக்கு இல்லாதது இந்த ஒன்றுதான்.

எங்கள் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் கோவில்பட்டி. ஏன் இந்த வறண்ட பூமியிலிருந்து ஹாக்கி வீரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்? தண்ணீர் காரணமா, மண் காரணமா? அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது, செயற்கை இழை மைதானம் இருக்கிறது, வருசா வருசம் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கிறது, ஆடினால் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். அதே அணியில் ஆடிய அரியலூர் கார்த்தியும் கோவில்பட்டி விடுதியில் வளர்ந்தவர்தான். அமைப்பு இருந்தால் ஆள் வருவார்கள்.

புதூர்ப் பக்கம் கால்பந்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், பந்து உருளாது. தை பிறந்து கண்மாய் வற்றினால் அதுதான் மைதானம். சித்திரையில் மண் வெடித்து, பிளவுக்குள் கணுக்கால் மாட்டும். சுற்றிலும் சீமைக்கருவேல முள். வாரத்துக்கு ஒரு பந்து ஓட்டையாகும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கண்மாய் புறம்போக்குதான், ஆனாலும் காலனிப் பையன்கள் எந்தப் பக்கம் ஆடலாம், எத்தனை மணிவரை ஆடலாம் என்பதை இன்னும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள்.

ஆடி ஜெயித்தாலும் ஆபத்து. 2025 மார்ச்சில் நம் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் போன தலித் மாணவன் ஒருவனைப் பேருந்திலிருந்து இழுத்து விரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' போன அக்டோபரில் வந்தபோது, எங்கள் பையன்கள் அதைப் பழங்கதையாகப் பார்க்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வரும் சீசனை நான் ஆசையோடுதான் எதிர்பார்க்கிறேன். ஒரே ஒரு சுற்று, 13 ஆட்டம்தான் என்பதால் மெதுவாகத் தொடங்கிப் பிறகு சுதாரிக்கலாம் என்ற கதை நடக்காது. முதல் நான்கைந்து ஆட்டத்திலேயே தலையெழுத்து தெரிந்துவிடும். முழுமையான தயாரிப்பு எந்த அணிக்கும் இல்லை. மிராண்டா கோவாக்காரர், இந்திய வீரர்களை நன்றாக அறிந்தவர், அது நமக்குச் சாதகம். போன முறை 11ஆவது இடத்தில் இருந்த அணி நடுப்பகுதிக்கு வந்தாலே எனக்குத் திருப்தி. ஆனால் சென்னையின் பெயரைச் சுமக்கிற அணியில் தமிழ்நாட்டுப் பையன்களை இன்னும் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறதே, அதில் எனக்குத் திருப்தி இல்லை.

ரசிகனாகவும் களப்பணியாளனாகவும் எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. லீக் நின்றாலும் இளையோர் அணி வரைக்கும் குறைந்தபட்ச ஊதியம் நிற்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 விழுக்காடு ஒதுக்கீடு, பதக்க மேடைவரை போக வசதியில்லாத கிராமத்து ஆட்டக்காரர்களையும் எட்ட வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் காலனிப் பிள்ளைகள் யாரிடமும் கேட்காமல் இறங்கி ஆடக்கூடிய பொது மைதானம் வேண்டும். மூன்றாவதற்கான மனுவை எழுதிவிட்டோம். கையெழுத்து வாங்கும் வேலை நடக்கிறது. அடுத்த திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். பக்கத்துக் கிராமத்துத் தோழர்கள் உங்கள் ஊர்ப் புறம்போக்கின் சர்வே எண்ணோடு வந்தால் சேர்த்தே கொடுத்துவிடலாம்.

தம்பி கேட்ட கேள்விக்கு நான் தனியாகப் பதில் சொல்லவில்லை. மாலை வகுப்பில் பேசினோம். முன்பு படித்து வேலைக்குப் போனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அவன் இரண்டு மாதத் தீப்பெட்டி ஆலைக் கூலியைச் சேர்த்து அவன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். இனி லீவு கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரவு கோவில்பட்டியில் ரயில் ஏறுகிறான்.