குமரிக்கடலில் நிலை கொண்டுள்ள...

ஐப்பசி பிறந்துவிட்டால் வானிலை அறிக்கையில் ஒரு பெயர் தவறாமல் அடிபடும். ‘குமரிக்கடல் மற்றும் அதையொட்டிய பகுதிகளில் நிலை கொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு...’ சென்னை ஆபீஸில் உட்கார்ந்து இதைக் கேட்கிற நமக்கு ஒரே கேள்விதான்: நாளைக்கு பைக்கா, பஸ்ஸா? குமரி மாவட்டத்தில் போய்க் கேட்டால் ஆளுக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்!

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போனால் காவல்கிணறு வரைக்கும் முள்மரமும் பனையும்தான். முப்பந்தலில் காற்றாலைகள் கும்பலாக நிற்கின்றன. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தலைதெறிக்க ஓடிவரும் காற்று ஐப்பசியில் தணிந்துவிடுவதால், அவையும் மத்தியான நேரத்து குமாஸ்தா மாதிரி மெதுவாகத்தான் சுற்றுகின்றன. கணவாயைத் தாண்டியதும் யாரோ ஸ்விட்சைத் தட்டிவிட்டது போலப் பச்சை! தோவாளைப் பூ, வாழை, தென்னை, வயல். ஜூனில் கேரளத்தோடு ஒரு பந்தி, அக்டோபரில் நம்மோடு இன்னொரு பந்தி என்று இரண்டு மழையிலும் கை நனைக்கிற மாவட்டம் இது. நெல்லும் அதற்கேற்ப இரண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ.

பக்கத்து சீட்டுப் பெரியவர் என் குடையைப் பார்த்துத் திருப்திப்பட்டார். “கொடை எடுத்தது நல்லதாப் போச்சு மக்களே. மத்தியானம் வரைக்கும் வெயிலு. மூணு மணிக்கு ஆளு வந்திருவாரு.”

“ஓரிரு இடங்கள்லதான் மழைன்னு சொன்னாங்களே?”

“அந்த ஒண்ணு ரெண்டு எடம் எங்க ஊருதான்!”

‘ஓரிரு இடங்களில்’ என்பது மழுப்பல் இல்லை. மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்குள் பெய்தால் அதற்கு அப்படிப் பெயர். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கும் மேலே அதிகனமழை. எல்லாம் கணக்குத்தான்.

ஆனால், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் செ.மீ. முக்கியமில்லை, மணிதான் முக்கியம். விடியற்காலையில் மழை பிடித்தால் பால்வெட்டு கிடையாது. அன்றைய கூலியும் கிடையாது. சாயங்காலம் எவ்வளவு கொட்டினாலும் கவலையில்லை. கும்பப்பூ நட்ட விவசாயிக்கோ, வயலில் நிற்கிற தண்ணீர் வடிய நாலு நாள் வெயில் வேண்டும். இல்லாவிட்டால் இளநாற்று அழுகிவிடும். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில் 48 அடிதான் கணக்கு. நீர்மட்டம் நாற்பதைத் தாண்டினாலே ஆற்றங்கரைக்காரர்கள் அணையின் பக்கம் காது வைத்துக்கொள்கிறார்கள். லீவு போட்டுவிட்டு சோப்பு டப்பாவோடு திற்பரப்பு அருவிக்குக் கிளம்பும் இளைஞர்களே, முதலில் அணை நிலவரத்தை விசாரியுங்கள். தண்ணீர் திறந்துவிட்டால் குளிக்கத் தடை!

மேற்கே கடற்கரையில் இந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிவிடுகிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் லட்சத்தீவையும் தாண்டிப் போய்ச் சுறா பிடிக்கிறவர்கள். படகு ஏறினால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வானிலை அறிக்கையோ ஏழு நாளைக்குத்தான் சொல்லும்.

2017-ல் அந்த ஏழு நாளும்கூடக் கிடைக்கவில்லை. நவம்பர் 29-ம் தேதி இலங்கைப் பக்கம் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக்கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. கரையில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலில் இருந்தவர்களுக்கோ செய்தியே போய்ச் சேரவில்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் வீடு திரும்பவில்லை. டிசம்பர் 7-ம் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆழ்கடலுக்கும் எச்சரிக்கை அனுப்ப வழி தேடினார்கள். இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் கருவிகள் தமிழக விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன.

தூத்தூரில் ஒரு டீக்கடை டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது: ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்.’ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“போவாண்டாம்னு சொல்லுதாவ, சரி. மூணு வாரத்துக்கு முந்திப் போனவன் என்ன செய்யணும்னும் சேத்துச் சொல்லக் கூடாதா மக்களே?”