கிளட்ச் கழற்றத் தெரிந்த ஊர்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சின்ன ஊர். மான்ட்ரியலிலிருந்து கிழக்கே காரில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். பேசுவது பிரெஞ்சு. குளிர்காலத்தில் வீடு, மரம், வயல் எல்லாமே வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே சறுக்குக் கட்டைகளும் ரப்பர் பட்டையும் பூட்டிய பைக் மாதிரி வண்டிகள் ‘உர்ர்ர்’ரென்று பறக்கின்றன. அதுதான் ஸ்னோமொபைல்.

கியூபெக்கில் இந்த வண்டிகளுக்கென்றே 30,000 கிலோமீட்டருக்கும் மேல் தனிப்பாதை இருக்கிறது. வளைவு, நிறுத்தம் என்று சாலை போலவே அதிலும் அறிவிப்புப் பலகைகள் உண்டு. உலகப் புகழ்பெற்ற இந்த வாகனத்தின் கதை தொடங்கியது வால்கூரில் இருந்த ஒரு சின்ன கராஜில்!

பனி பறித்த பிள்ளை

ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே 1907-ல் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பழைய ஃபோர்டு கார் எஞ்சினைச் சறுக்குவண்டியில் பொருத்தி, பின்னால் காற்றாடி வைத்துப் பனியில் ஓட்டிக் காட்டியவர். 1926-ல் சொந்தமாக மெக்கானிக் கடை போட்டார். அந்தக் காலத்தில் பனி விழுந்தால் சாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஊரை விட்டு வெளியே போக குதிரை இழுக்கும் சறுக்குவண்டி மட்டும்தான்.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் ஈவோனுக்கு வயிற்றுக்குள் கடும் தொற்று. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால், பனியில் வழி இல்லை. பிள்ளை பிழைக்கவில்லை.

அடுத்த ஆண்டே பல்சக்கரம் சுழற்றும் ரப்பர் பட்டையை உருவாக்கினார். 1937-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் பனி வண்டி விற்பனைக்கு வந்தது. டாக்டர்கள் அதில் நோயாளிகளைத் தேடிப் போனார்கள். தபால் போனது. பிற்பாடு வந்த பெரிய வண்டிகளில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஒருவர், இருவர் மட்டும் செல்லும் ‘ஸ்கி-டூ’ 1959-ல் பிறந்தது. 1964-ல் பொம்பார்டியே காலமானார்.

நம் ஸ்கூட்டரின் சொந்தக்காரன்

மான்ட்ரியலில் இருக்கும் என் அக்கா மகள்தான் எங்களை அங்கே அழைத்துப் போனாள். அவளுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். வெளியே மைனஸ் 20 டிகிரி. பெரியவரோ கராஜில் ஹீட்டரைப் போட்டுவிட்டு வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்துகொண்டிருந்தார். “கிளம்பும்போது உதறுது. கிளட்சைக் கழற்றிப் பார்க்கணும்” என்றார். அக்கா மகள் மொழிபெயர்த்தாள்.

உள்ளே எட்டிப் பார்த்தால், நம் வீட்டு கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கும் அதே ஏற்பாடு! இரண்டு கப்பிகள், நடுவே ஒரு தடித்த பெல்ட். முன்கப்பி எஞ்சின் தண்டில் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடக்கூட அதனுள் இருக்கும் எடைகள் வெளியே விரிந்து, கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. பெல்ட் மேலே ஏறுகிறது. பின்கப்பியில் தட்டுகள் விலகி, பெல்ட் உள்ளே இறங்குகிறது. கியர் மாற்றாமலே வேகம் கூடுகிறது. இந்த முன்கப்பியைத்தான் அங்கே ‘பிரைமரி கிளட்ச்’ என்கிறார்கள்.

‘டப்’ என்று ஒரு சத்தம்

முதலில் பின்கப்பியின் தட்டுகளை விரித்து பெல்ட்டை உருவினார். அடுத்து, கிளட்ச் சுழலாமல் ஒரு பிடிகருவியால் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்றினார். அவ்வளவுதானே, கையோடு வந்துவிடும் என்று நினைத்தேன். அசையவில்லை! எஞ்சின் தண்டின் முனை கூம்பு வடிவம். கிளட்ச் அதில் இறுகக் கவ்வி உட்கார்ந்திருக்குமாம்.

“இந்த இடத்தில்தான் பலர் சுத்தியலை எடுப்பார்கள்” என்று சிரித்தார். தட்டுகள் அலுமினியம். அடித்தால் வளையும் அல்லது விரியும். அதற்கென்றே ‘புல்லர்’ என்ற நீண்ட எஃகு போல்ட் உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு அளவு. முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, நடுத்துளையில் திருகி, மெல்ல மெல்ல இறுக்கினார். அது தண்டின் முனையில் முட்டி, கிளட்சை வெளியே தள்ளப் பார்க்கிறது. நன்றாக இறுகியதும் புல்லரின் தலையில் மட்டும் ஒரே தட்டு. ‘டப்!’ கிளட்ச் கையில் வந்துவிட்டது.

“இதற்கு மேல் பிரிக்க வேண்டுமென்றால் தனிக் கருவி வேண்டும். உள்ளே பலமான ஸ்பிரிங் இருக்கு, முகத்தில் பாயும்” என்று எச்சரித்தார். திரும்ப மாட்டும்போது கூம்பைத் துளி எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தார். போல்ட்டை டார்க் ரென்ச்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினார்.

“கடையில் கொடுக்கலாமே?” என்று கேட்டேன்.

“கொடுக்கலாம். ஆனால், காட்டுக்கு நடுவில் பொழுது சாயும்போது வண்டி நின்றால் கடை எங்கே இருக்கும்? சீட்டுக்கு அடியில் மாற்று பெல்ட் இருக்கு. அதை மாட்ட கை பழகியிருக்கணும் இல்லையா?” என்றார். பக்கத்தில் பேரன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பத்து வயது இருக்கும். அடுத்த போல்ட்டை அவனிடம்தான் கொடுத்தார்.

பனியிடம் மகனைப் பறிகொடுத்த ஒரு மெக்கானிக்கின் ஊரில், வண்டியைத் தன் கையாலேயே சரிசெய்யத் தெரிந்திருப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பார்க்கப் போகிறீர்களா?

ஊரின் முக்கிய இடம், பொம்பார்டியே பெயரில் உள்ள மியூசியம். 1926-ல் அவர் போட்ட அந்த கராஜை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பழைய பனி வண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. குழந்தைகள் தாங்களே பொருள் செய்து பார்க்கும் பட்டறையும் உண்டு. நேரம், கட்டண விவரங்களை இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்னோமொபைல்கள் ஓடுவதைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம். கனத்த கம்பளிக் கோட்டு, காதை மூடும் குல்லா, நீர் புகாத பூட்ஸ் கட்டாயம். வாடகைக்கு ஸ்னோமொபைல் எடுத்தால், கிளம்பும் முன் மாற்று பெல்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்!