மேல்தட்டில் மகள்

வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரருக்குப் பாதுகாப்பு என்றால் நிலத்தோடு ஒட்டிக் கிடப்பது. கிபிர் போர்விமானம் இரைந்தால் நின்ற இடத்திலேயே குப்புற விழவேண்டும், ஷெல் கூவினால் பங்கருக்குள் இறங்கவேண்டும். 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை என்று நகர்ந்தபோது, போய்ச் சேர்ந்த இடமெல்லாம் அப்பா முதலில் வெட்டியது பங்கர்தான். பனங்குற்றி கிடைத்தால் மேலே அடுக்கினோம். கிடைக்காத இடத்தில் அம்மா தன் சேலைகளைப் பையாகத் தைத்துத் தர, மண் நிரப்பினோம். பிறகு மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் பாய். உயரத்தில் படுத்து உறங்குவதை என் உடம்பு ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லை.

மூத்தவள் அடுக்குக் கட்டில் கேட்டபோது காசில்லை என்றேன். தம்பி சின்னவன் என்றேன். இரண்டும் உண்மைதான், ஆனால் நான் மறுத்தது அவற்றுக்காக அல்ல. அவள் மேலே, நான் எட்டிப் பிடிக்கமுடியாத இடத்தில் படுத்திருப்பதை நினைத்தாலே நெஞ்சு பதறியது. அதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனாலும் கட்டில் தேவையாக இருந்தது. எங்களுடையது இந்திய வீட்டுத்திட்ட வீடு. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகளுக்கென்று 2012 அக்டோபரில் தொடங்கிய கட்டத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் பகுதி பகுதியாக வர, வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும். அந்தக் காசுக்குள் அறைகள் பெரிதாக வராது. பிள்ளைகளின் அறையில் இரண்டு கட்டில் போட்டால் படிக்கிற மேசைக்கு இடமில்லை. மேசையை வைத்தால் ஒருவர் பாயில்.

முதலில் தளபாடக் கடைகளில் பார்த்தோம். தெற்கிலிருந்து வருகிற ரப்பர் மரக் கட்டில்கள் வெளிர் நிறத்தில் அழகாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் ரப்பர் மரத்துக்குப் பூச்சியை எதிர்க்கும் இயற்கை பலம் கிடையாது. போரோன் மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தாவிட்டால் உளுத்து மாவாகும். பதப்படுத்தியதா என்று கேட்டால் கடைப் பொடியன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அயலில் இருக்கும் தச்சரிடம் போனோம்.

நான் முதிரை கேட்டேன். வன்னியில் நல்ல மரம் என்றால் எல்லாருக்கும் முதிரையும் பாலையும்தான் வாயில் வரும். அவர் மறித்துவிட்டார். முதிரையை ஏற்றி இறக்கவே அனுமதிப்பத்திரம் வேண்டும், கள்ளமாய் வெட்டிய மரத்தைத் தன் பட்டறைக்குள் எடுக்கமாட்டேன் என்றார். காட்டில் முதிரை அருகிக்கொண்டு வருகிறது. ஒரு பிள்ளையின் கட்டிலுக்காக இன்னொன்றை விழுத்தத் தேவையில்லை என்று எனக்கும் பட்டது. பாரமும் அதிகம், அறைக்குள் திருப்பி வைக்க நாலு பேர் வேண்டும். வேம்பு எடுத்தோம். பூச்சி அண்டாது, எங்கள் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் அறுத்து நாள்பட்டுக் காய்ந்த பலகைதான் வேண்டும் என்றார். பச்சை மரத்தில் செய்தால் சோளகம் அடிக்கிற மாதங்களில் சுருங்கி மூட்டு ஆடும், மாரிக்கு ஊதி இறுகும். ஒற்றைக் கட்டில் ஆடினால் சத்தம்தான் வரும். இது ஆடினால் கீழே இன்னொரு பிள்ளை படுத்திருக்கிறது.

பேசி முடிக்கிற நேரத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, விழுந்திடுவா எண்டு பயமோ, வேற ஏதும் பயமோ?"

அழுதுவிட்டேன். அவரும் போரின் கடைசியில் எங்களைப் போலக் கடற்கரையில் நின்றவர், விளக்கம் கேட்கவில்லை. "விழுறதுக்கு அளவு இருக்கு. மற்றதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது" என்றார்.

அன்றிரவு இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். விழுகிற பயத்துக்கு உலகம் உண்மையாகவே அளவு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமான விதியின்படி, மேல்தட்டின் தடுப்பு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் எழும்பி நிற்கவேண்டும். கட்டிலின் உயரத்திலிருந்து அல்ல, மெத்தையிலிருந்து. தடித்த மெத்தை போட்டால் தடுப்பை மெத்தையே தின்றுவிடும். எங்களுக்கு 4 அங்குல மெத்தை போதும் என்று முடிவெடுத்தோம். தடுப்புச் சலாகைகளின் இடைவெளி மூன்றரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதைவிட அகன்றால் பிள்ளையின் உடம்பு நழுவி வெளியே போகும், தலை போகாது, கழுத்தில் தொங்கிவிடும். சுவர்ப்பக்கம் தடுப்பு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவிலும் பிள்ளை இறுகும், அந்தப் பக்கமும் முழு நீளத்துக்குத் தடுப்பு வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே யாரையும் மேலே படுக்கவிடக் கூடாது.

இந்த அளவுகளை எழுதிக் கொடுத்தபோது தச்சர் ஒவ்வொன்றையும் பென்சிலால் பலகையில் குறித்துக்கொண்டார்.

எங்கள் ஊருக்கென்று இருக்கிற ஆபத்தை எந்த விதியும் எனக்குச் சொல்லவில்லை. சீலிங் இல்லாத வீடுகளில் ஃபானைத் தீராந்தியிலிருந்து இறக்கித் தொங்கவிடுகிறோம். மேல்தட்டில் பிள்ளை எழும்பி இருந்து கையை நீட்டினால் தகடு அங்கேதான் சுழலும். கட்டில் வருவதற்கு முதலே அதைக் கழற்றி, எதிர்ச்சுவரில் சுவர் ஃபான் பூட்டினோம். கூரைச் சூடும் மேலேதான் தங்கும். எங்களுடையது ஓடு என்பதால் சமாளிக்கலாம், தகரம் என்றால் மேல்தட்டே வேண்டாம் என்பேன். நுளம்புவலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடாமல் சட்டத்தில் பூட்டுவித்தேன், கயிற்று வளையம் கழுத்துக்கு ஆகாது. கழிவறை வெளியே இருப்பதால் நித்திரைக் கலக்கத்தில் இறங்குவாள். அதனால் ஏணிக்கு உருண்டைக் கம்பு வேண்டாம், பாதம் வைக்கிற அளவுக்கு அகலமான தட்டைப் படி என்று கேட்டேன்.

மற்றப் பயம் கட்டில் வந்த பிறகும் போகவில்லை. மழை நாளில் இடி இடித்தால் நான் இப்போதும் எழும்பிப் போய் ஏணியடியில் நிற்கிறேன். ஒருநாள் மகள் விழித்துக்கொண்டு, "ஏனம்மா நிக்கிறியள்?" என்று கேட்டாள். பங்கரைப் பற்றி அவளுக்கு முதன்முதலாகச் சொன்னேன், அவள் வயதுக்குத் தாங்கக்கூடிய அளவு. அவள் கேட்டது ஒன்றுதான்: அதற்குள் அம்மம்மாவுக்குக் கால் நீட்ட இடம் இருந்ததா?

இல்லை என்றேன். அடுத்தநாள் அவள் அம்மம்மாவிடம் மிச்சத்தைக் கேட்கப் போய்விட்டாள்.

சின்னவனுக்கு இன்னும் ஆறு ஆகவில்லை, ஏறத்தான் துடிக்கிறான். ஏணியைக் கொக்கியில் மாட்டிக் கழற்றும்படிதான் செய்வித்திருக்கிறோம். பகலில் அது எங்கள் அறைக்குள் இருக்கும். மூட்டுப் போல்ட்களைச் சோளகம் முடிய ஒருமுறை, மாரி முடிய ஒருமுறை இறுக்கச் சொல்லியிருக்கிறார் தச்சர். இறுக்கும் சாவியை அவரே செய்து தந்தார்.