செங்குத்துச் சுவரில் ஒரு ஸ்கவுட்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் போற்றுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அவற்றைத் துடைத்து, மெருகேற்றி, கயிறு கட்டிய மேடையில் நிறுத்தி, ஆண்டுக்கு ஒரு முறை வீதியில் உருட்டிப் பார்ப்பதோடு திருப்தி அடைகிறவர்கள். தொண்ணூறு வயதைக் கடந்த ஓர் அமெரிக்க யந்திரத்தை, அது பிறந்த தேசத்திலிருந்து ஒரு மகா சமுத்திரத்துக்கு அப்பால், நாளொன்றுக்குப் பல தடவை உயிரைப் பணயம் வைத்து ஓட்டி, அதன் உழைப்பினாலேயே குடும்பத்தைப் போஷித்து வரும் மனிதர்களைக் காணவேண்டுமானால், இங்கிலாந்தின் கிராமப்புறத் திருவிழாக்களில் மரணச் சுவர் போட்டிருக்கும் இடத்தைத் தேடிப் போகவேண்டும். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் மரணக் கிணறு என்று நாம் அறிந்திருக்கும் அதே வித்தைதான் அது. நம்மவர்கள் அதில் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐயும் மாருதி காரையும் ஏற்றுகிறார்கள். அங்கே இன்றைக்கும் சுவரேறுவது, 1920-களில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் செய்த இந்தியன் கம்பெனியின் ஸ்கவுட் வண்டி.

கோடையின் இறுதியில், டார்செட் வட்டாரத்தில் பழைய நீராவி யந்திரங்களுக்காகக் கூடும் ஒரு திருவிழாவில் அத்தகைய குடும்பமொன்றைச் சந்தித்தேன். காட்சி பகலுக்கு மேல்தான் என்றாலும் காலையிலேயே வந்துவிடும்படி குடும்பத் தலைவர் சொல்லியனுப்பியிருந்தார். பார்க்க வேண்டியது காட்சியைவிட அதற்கு முந்திய வேலையே என்பது அவருடைய அபிப்பிராயம். இரண்டையும் கண்ட பிறகு என் அபிப்பிராயமும் அதுவே.

சுமார் 20 அடி உயரமும் 32 அடி விட்டமும் உள்ள அந்தச் சுவர், செங்குத்தாக நிறுத்திய பலகைகளை வெளிப்புறத்தில் எஃகு வடங்கள் இறுக்கிப் பிடிக்க, ஒரு ராட்சதப் பீப்பாயைப் போல நிற்கிறது. ஊருக்கு ஊர் பிரித்து, லாரியில் ஏற்றி, மறுபடி பூட்ட வேண்டியதாகையால், அது பல துண்டங்களாகச் செய்யப்பட்டிருக்கிறது. புல்வெளி எங்கும் சமமாக இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு துண்டத்தின் அடியிலும் மரக்கட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, வடங்களைத் திருகி இறுக்குகிறார்கள். இவ்வளவும் ஆன பின்னர் தலைவர் உள்ளே இறங்கி, ஏணியை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு, சுவரின் முழுச் சுற்றையும் வெறும் உள்ளங்கையால் தடவி வந்தார். எழும்பி நிற்கும் ஆணித்தலையோ, சிலாம்பு விட்ட பலகையோ, முந்திய நாள் சிந்திய எண்ணெய்ப் பிசுக்கோ எதுவாயினும் கண்ணுக்கு முன்னே கைக்குத் தெரிந்துவிடும் என்றார். ஓரிடத்தில் கை நின்றது. எனக்கு அங்கே ஒன்றும் தென்படவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தைச் சற்று நேரம் தேய்த்து, மீண்டும் தடவிப் பார்த்துவிட்டு மேலே சென்றார்.

வெளியே தார்ப்பாய் நிழலில் அவருடைய மகன் ஸ்கவுட்டைத் தாங்கியில் நிறுத்தி வேலை செய்துகொண்டிருந்தார். சிவப்பு வர்ணம் முழங்கால் உராயும் இடங்களில் தேய்ந்து உலோகம் தெரிந்தது. ‘அதற்கு மறுபடி வர்ணம் அடிப்பதில்லையா?’ என்று கேட்டேன். ‘குளிர்காலத்தில் அடிப்போம், இரண்டாவது வாரமே இப்படித்தான் ஆகிவிடும்’ என்று சொல்லிக்கொண்டே பாயிண்டைத் திறந்து இடைவெளி பார்த்தார். அவர் அதிக நேரம் செலவிட்டது எண்ணெய் விஷயத்தில். இன்றைய வண்டிகளில் இன்ஜினுக்குள் போகும் எண்ணெய் வேலை முடிந்ததும் திரும்பித் தொட்டிக்கு வந்து சேர்ந்து மறுபடி சுற்றுகிறது. இந்த ஸ்கவுட்டில் போன எண்ணெய் போனதுதான். ஒரு பகுதி எரிந்து நீலப் புகையாகிறது, மிச்சம் கசிந்து வெளியேறுகிறது. அளவு குறைந்தால், 20 அடிச் சுவரின் நடுவில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும்; அளவு மிஞ்சினாலோ சொட்டும் எண்ணெய் பலகையில் படிந்து, அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு வரும் டயரை வழுக்கிவிடும். இவ்விரண்டு ஆபத்துகளுக்கும் இடையிலுள்ள குறுகிய அளவை அன்றைய வெயிலையும் காற்றின் ஈரத்தையும் உத்தேசித்து ஒவ்வொரு காலையும் தீர்மானிக்கிறார்கள். அதற்கு அட்டவணை எதுவும் கிடையாது. தகப்பன் மகனுக்குக் காட்டிக் கொடுப்பதுதான்.

புதிய வண்டிகள் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கையில் இந்தச் சிரமம் எதற்கு என்று ஒருவர் நினைக்கக்கூடும். காரணம் அந்த யந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்கவுட்டை வடிவமைத்த சார்லஸ் ஃபிராங்க்ளின் டப்ளினில் பிறந்த பொறியாளர். 1911-இல் மான் தீவுப் பந்தயத்தில் இந்தியன் வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றி ஆங்கிலேயரைத் திகைக்க வைத்தபோது இரண்டாவதாக வந்தவர் அவரே. பிற்பாடு அமெரிக்கா சென்று ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் சேர்ந்து, 1920-இல் ஸ்கவுட்டையும், 1928-இல் அதன் திருந்திய வடிவமான 101-ஐயும் உருவாக்கினார். 101-இன் உற்பத்தி 1931-இலேயே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஃபிராங்க்ளினும் காலமானார். மரச்சுவரை மனத்தில் வைத்து அவர் எதையும் செய்யவில்லை. ஆயினும் தாழ்ந்த ஆசனமும், அதனினும் தாழ்ந்து கிடக்கும் இன்ஜினின் கனமும், பின்புறத்தில் ஸ்பிரிங் இல்லாத விறைத்த சட்டமும், நீண்ட சக்கர இடைவெளியும் சுவரில் ஓடுவதற்கென்றே ஏற்பட்டவை போல வாய்த்துவிட்டன.

அந்த விட்டத்தில் மணிக்கு 30 மைல் வேகத்தில் சுற்றுகிறவன்மீது அவன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு பாரம் அழுத்துகிறது. பின்சக்கரத்தில் ஸ்பிரிங் உள்ள நவீன வண்டியானால் அந்தப் பாரத்தில் அமுங்கிப்போய் நிலை தடுமாறும். மற்றொரு விசேஷம் ஆக்ஸிலேட்டரில் இருக்கிறது. நம் வண்டிகளில் கையை எடுத்ததும் அது தானாகத் திரும்பி வேகம் குறைந்துவிடும். ஸ்கவுட்டில் வைத்த இடத்திலேயே நிற்கும். இரு கைகளையும் விரித்துக்கொண்டும், ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டும் அவர்கள் ஓட்டுவது இதனால்தான் சாத்தியமாகிறது. கிளட்ச்சுக்குச் சக்தியைக் கொண்டு சேர்ப்பதும் சங்கிலியல்ல, எண்ணெயில் மூழ்கிய பற்சக்கரங்கள். அறுந்துபோக அங்கே ஒன்றுமில்லை. அந்தப் பற்சக்கரங்களின் மெல்லிய ஊளை இன்ஜினின் தடதடப்புக்கு மேலே தனியாகக் கேட்கிறது. பழகிய செவிக்கு அதில் ஒரு சிறு பேதம் தட்டினாலும் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்களாம்.

அமெரிக்காவில் சந்தைதோறும் இருந்த இந்த வித்தை 1929-இல் இங்கிலாந்துக்கு வந்து, சவுத்தெண்ட் கடற்கரையில் குர்ஸால் என்னும் கேளிக்கைச் சாலையில் இடம் பிடித்தது. அங்கே புகழ் பெற்ற டோர்னாடோ ஸ்மித் ஓட்டியதும் இந்தியன் வண்டியே. அவர் வளர்த்த பெண் சிங்கத்தைப் பக்கவண்டியில் அமர்த்திச் சுவரைச் சுற்றினார் என்பது வரலாறு. சாதாரண வீதிகளில் அங்கே இந்தியன் வண்டி அபூர்வந்தான். முதல் உலக யுத்த காலத்தில், 1915-இல், அயல்நாட்டு மோட்டார் வண்டிகள்மீது பிரிட்டிஷ் சர்க்கார் 33⅓ சதவீதம் தீர்வை விதித்தது. பின்னர் சிறிது காலம் நீங்கி, 1925-இல் அது மீண்டும் வந்தது. உள்நாட்டிலேயே நல்ல வண்டிகள் கிடைக்க, அத்தனை விலை கொடுத்து அமெரிக்க வண்டியை வாங்கியவர்கள் சிலரே. வந்தவற்றில் பல பழைய இரும்பாகக் கரைந்துபோயின. சுவரோட்டிகளின் கையில் சிக்கியவை மட்டும், ஒன்றின் சட்டமும் மற்றொன்றின் இன்ஜினும் வேறொன்றின் முன்கவையுமாகச் சேர்ந்து உயிரோடு நிற்கின்றன.

கம்பெனி 1953-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டபடியால், உதிரிப் பாகம் என்பது இவர்களுக்குத் தேடிப் பிடிப்பதும் தாமே செய்துகொள்வதுமாக இருக்கிறது. லாரியின் பின்பகுதியில் ஒரு சிறிய லேத் இருந்தது. வெண்கலப் புஷ்களை அதில் கடைந்துகொள்கிறார்கள். சட்டத்தில் வெடிப்புக் கண்டால் பித்தளை உருக்கி இவர்களே பற்றவைக்கிறார்கள். பெரிய விலை கொடுத்து வாங்க ஆள் வந்திருக்கிறதா என்று கேட்டபோது, வருஷந்தோறும் வருகிறார்கள் என்றார் தலைவர். விற்ற பணத்தில் புதிய வண்டிகள் சில வாங்கலாமே என்ற என் யோசனைக்கு, ‘வாங்கி என்ன செய்வது?’ என்றார். அந்தப் பதிலில் கர்வம் இல்லை. தச்சனிடம் அவன் உளியை விலைக்குக் கேட்டால் என்ன சொல்வானோ அதைத்தான் சொன்னார். ஒரு யந்திரத்துக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிட உயர்ந்ததை நான் கண்டதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எண்ணெய் வற்றி நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் எழுகிற துக்கத்தின் காரணமும் அன்று எனக்கு நன்றாக விளங்கிற்று.

காட்சி சிறிது நேரமே. மேல்விளிம்பைச் சுற்றிய நடைபாதையில் நின்று குனிந்து பார்த்தோம். ஸ்கவுட் அடித்தளத்தில் ஒரு சுற்று வந்து, சரிந்த பலகைகளில் ஏறி, அங்கிருந்து செங்குத்துச் சுவருக்குத் தாவியபோது, சுவர் முழுவதும் எங்கள் காலடியில் அசைந்தது. விளிம்புக்குக் கீழே தீட்டியிருந்த சிவப்புக் கோட்டைச் சக்கரம் தொட்டபோது முன்வரிசையினர் தம்மையறியாமல் பின்வாங்கினர். முடிந்ததும் தலைவர் நடுவில் நின்று, இந்தத் தொழிலுக்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பொறுப்பேற்பதில்லை என்றும், அடிபட்டுக் கிடக்கும் காலத்துக்கு ஜனங்கள் எறியும் காசே துணை என்றும் சொன்னார். இது மரணச் சுவர்க்காரர்களின் நெடுநாளைய வழக்கம். நாணயங்கள் மழையாக விழுந்தன. ஒன்றுவிடாமல் பொறுக்கினார்கள், அடுத்த ஓட்டத்தில் சக்கரத்தடியில் ஒன்றும் அகப்படக் கூடாதல்லவா!

மாலையில், கூட்டமில்லாத வேளையில், தலைவரின் பேத்தி பயிற்சிக்கு வந்தாள். பதினேழு பதினெட்டு வயதிருக்கும். சரிவுப் பலகைவரை ஏறி, பார்வையை வண்டிக்கு முன்னே சற்று உயரத்தில் நிறுத்திச் சுற்றினாள். பக்கத்திலோ கீழேயோ பார்த்தால் தலை சுற்றிவிடும். தாத்தா நடுவில் நின்று அவளுடன் தானும் திரும்பிக்கொண்டே, ‘வேகத்தைத் தொடாதே, தொடாதே’ என்று கூவினார். பயந்தவன் முதலில் செய்வது வேகத்தைக் குறைப்பது, அதுவே அவனைக் கீழே தள்ளிவிடும் என்று பிறகு எனக்கு விளக்கினார். அவள் இறங்கி வந்து, முகம் வெளிறியிருக்க, எப்போது செங்குத்துச் சுவரில் ஏறலாம் என்று கேட்டாள். தாத்தா பதில் சொல்லாமல் மகனைப் பார்த்தார். அவர் இன்ஜினின் அடிப்பாகத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பிக் எண்ட் பேரிங்கில் சத்தம் ஆரம்பித்திருக்கிறது, குளிர்காலத்தில் இன்ஜினைப் பிரித்துப் புதிது போட்ட பிறகு இந்த வண்டியிலேயே ஏறலாம், அதுவரை சரிவில் போதும் என்றார்.