எத்தனை கைக்கடிகாரம் போதும்?

கைக்கடிகாரம் சேர்ப்பவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது பணத்தைவிடப் பராமரிப்பைப் பொறுத்தது. எச்.எம்.டி. ஜனதா போன்ற பேட்டரி இல்லாத கடிகாரங்களுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டும். எண்ணெய் காய்ந்தபின்னும் ஓடவிட்டால் சக்கரங்களின் அச்சு தேயும். பேட்டரிக் கடிகாரத்தில் தீர்ந்த பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசிந்து எந்திரத்தை அரித்துவிடலாம்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார ஆலை அமைந்தது. அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் இருக்கும் கோலார் தங்கவயல், அப்போது சுரங்க ஷிப்டுகளின்படி வாழ்ந்த தமிழர் ஊர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் நாளை ரயில் நேரமே நடத்துகிறது. இப்படி நேரம் பார்த்து வாழும் குடும்பத்தில் அப்பாவின் பழைய கடிகாரம் ஒன்று, தினமும் கட்ட ஒன்று, விசேஷங்களுக்கு ஒன்று, ஆசைக்கு ஓரிரண்டு என ஐந்துக்குள் நிற்பதே நியாயம்.

2016இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பழைய எச்.எம்.டி. எந்திரத்துக்குப் புது டயல் பூசி அசல் என்று விற்பவர்கள் இருப்பதால், வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

கடிகாரம் சேர்ப்பவரின் மனைவியை வருத்துவது பெரும்பாலும் கடிகாரமல்ல, மறைத்த விலை. மாதச் செலவும் பிள்ளைகளின் கட்டணமும் போக மிஞ்சியதில், இருவரும் பேசி முடிவுசெய்து வாங்குவது நல்லது. புதிதாக ஒன்று வந்தால் கட்டாத ஒன்றை விற்றுவிடலாம். மனைவிக்குப் பிடித்த கடிகாரமும் அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அவரே.