பில்டரும் கறையும்

காப்பி தமிழர்க்குப் பழம்பொருள் அன்று. பாபா புதான் என்னும் பெரியார் பதினேழாம் நூற்றாண்டில் மெக்காவிலிருந்து திரும்புகையில் ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது செவிவழிச் செய்தி. நம் நடுத்தர இல்லங்களில் அது வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆயினும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, எதை மறந்தாலும் மூட்டையில் பில்டரை வைக்க மறந்ததில்லை.

நமது அன்னையாரும் கும்பகோணத்திலிருந்து ஒரு பித்தளை பில்டரைக் கொணர்ந்தார். அவருடைய பெயரும் திருமண நாளும் அதில் வெட்டப்பட்டிருந்தன. எவர்சில்வர் பில்டர் வாங்கியபின் அது பரண் ஏறிற்று. இறுதி ஆண்டுகளில், "அந்தப் பித்தளையில ஒரு தடவை போட்டுக் கொடேன்" என்று அன்னையார் இரண்டு மூன்று முறை கேட்டார். கறை பிடிக்கும், துலக்க ஆளில்லை, மின்வண்டிக்கு நேரமாயிற்று என்று நாம் தட்டிக் கழித்தோம்.

அவர் மறைந்து ஓராண்டு நிறையும் நாள் நெருங்கியபோது, அவர் படத்தின் முன் வைக்கும் காப்பியையேனும் அந்த பில்டரில் இறக்க எண்ணிப் பரண் ஏறினோம். வெளியே களிம்பு ஏறிப் பெயர் தெரியவில்லை. உள்ளே கன்னங்கரிய படிவு. துளைகளில் பாதி அடைபட்டிருந்தன.

கோப்புகளைப் புரட்டிப் பழகிய கைக்குப் பாத்திரம் துலக்கத் தெரியுமா? புளியும் செங்கற்பொடியும் கொண்டு தேய்த்தோம். வெளிப்புறம் பொன்னாயிற்று, பெயர் தெளிந்தது. அந்த ஊக்கத்தில் உட்புறத்தையும் அவ்வாறே தேய்த்தோம். கறை முழுவதும் போகவில்லை, ஈயப்பூச்சுதான் போயிற்று. பித்தளை இளித்தது.

அண்டை வீட்டு மூதாட்டியார் பார்த்துவிட்டு நகைத்தார். கறைக்கேற்ற மருந்து வேண்டும் என்பது அவர் அளித்த பாடம். பித்தளையின் களிம்பைப் புளியின் அமிலம் கரைக்கும். காப்பிக் கறையோ கொட்டையின் எண்ணெய் படிந்து சிக்குப் பிடித்தது. அதற்குக் காரமே பகை. சமையல் சோடா கலந்த வெந்நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் மெல்லிய துணியால் துடைத்தாற் போதும். எவர்சில்வர் பில்டரின் துளைகள் அடைத்தால் மேற்பாத்திரத்தை அடுப்புத் தணலில் காட்டலாம். தூள் கருகி உதிரும். ஈயம் பூசியதை அவ்வாறு காட்டலாகாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

சோடாவில் ஊறிக் கறை நீங்கிற்று. ஈயம் பூச ஆள் வேண்டுமே! இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து, தாராவிச் சந்து ஒன்றில் முதியவர் ஒருவரைக் கண்டோம். அவர் பாத்திரத்தைக் கனலில் சுழற்றி நவச்சாரம் தூவினார், வெண்புகை எழுந்தது. ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒற்றி இழுத்தார். உள்ளே நிலவு பூத்தாற்போல் ஆயிற்று. பின்னர் ஊசியெடுத்து ஒவ்வொரு துளையாகத் திறந்தார். இவ்வேலை கேட்டு இப்போது எவரும் வருவதில்லை என்று இந்தியில் சொல்லிக்கொண்டார்.

நினைவு நாளன்று டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. முதல் டம்ளரைப் படத்தின் முன் வைத்தோம்; அடுத்ததைத் தந்தையாரிடம் கொடுத்தோம். டபராவில் ஆற்றி ஒரு மிடறு பருகியவர், பில்டரில் இருந்த பெயரை விரலால் தடவினார். "உங்கம்மா கேட்டப்பவே எறக்கியிருக்கலாம்" என்றார். சினமின்றிச் சொன்னார், அதனாற்றான் தாங்க இயலவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அந்த பில்டரை நாமே துலக்குகிறோம். அரைமணி நேரம்கூட ஆவதில்லை. அந்த அரைமணி நேரந்தான் அன்று நம்மிடம் இல்லாமற் போயிற்று. இம்மலரைப் படிக்கும் அன்பர் இல்லங்களிலும் பரண்மேல் ஒரு பித்தளை பில்டர் இருக்கக்கூடும். அதைக் கேட்பவர் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.